கொலைகாரனின் கண்

படத்தில் அவனுக்கு முகம் கிடையாது.
முகமூடிகூடக் கடைசி ரீலில்தான்.
அதுவரை அவன் வெறும் பார்வை.
அந்தப் பார்வைக்கு ஒரு நாள் சம்பளம், பேட்டா தனி.
வாங்குகிறவன் நான்.

பனையூரில் வாடகைக்கு எடுத்த பங்களா.
ஜன்னல் கம்பியெல்லாம் உப்புத் துரு.
தோளில் பதினாலு கிலோ கேமரா.
லென்ஸுக்குக் கீழே நீளுகிற கை மட்டும்
ஸ்டண்ட் யூனியன் லாசருடையது.
என் இடுப்பை ஒட்டிக் குனிந்தே வருவான்
பீடி நாற்றத்தோடு.
நான் பார்ப்பேன், அவன் குத்துவான்.
ஒரு கொலைகாரனுக்கு நாலு கால்.

"மைக்ல உன் மூச்சு விழுது செங்கழனி,
நல்லாயிருக்கு, இன்னும் சத்தமா விடு"
என்றார் டைரக்டர்.
எனக்கு வீசிங். டஸ்ட் அலர்ஜி.
தியேட்டரில் ஜனம் நடுங்கப்போவது
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்
எழுபத்தாறாம் நம்பர் டோக்கனோடு
காத்திருந்த மூச்சுக்கு.

ரத்தம் சர்க்கரைப் பாகு,
சிவப்புச் சாயம், கொஞ்சம் டிகாஷன்.
செத்தவர்களை முதலில் கண்டுபிடிப்பது எறும்பு.
கட் சொன்னதும் பிணங்கள்
முதுகைச் சொறிந்துகொண்டு எழும்.

பதினெட்டு ராத்திரியில் படித்துக்கொண்டேன்.
கதவிடுக்கில் எவ்வளவு நேரம் நிற்பது,
குதிகாலை எப்போது தரையில் வைப்பது.
பயப்படுகிற கழுத்து
கண்ணால் திரும்புவதில்லை,
காதால் திரும்பும்.

கடைசிவரை பிழைக்கிற பெண்ணாக நடித்தவள் இமானா.
ஒன்பதாவது டேக்கில் நிஜமாகவே கத்திவிட்டாள்.
யூனிட் கைதட்டியது.
துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து கேட்டாள்:
"அங்கேர்ந்து நான் எப்படிண்ணா தெரியறேன்?"
"ஃபோகஸ்ல இருக்கீங்க" என்றேன்.
வேறு என்ன சொல்வது.

பேக்கப் ஆகும்போது மணி ரெண்டே முக்கால்.
வேன் வடபழனி சிக்னலில் இறக்கிவிட்டது.
அருணாசலம் ரோட்டில்
எனக்கு முன்னால் ஒருத்தி.
கழுத்தில் ஏதோ ஆபீஸ் அட்டை,
கையில் டிபன் பை.
செருப்பு ஒரு கால் சரியாக விழுந்தது,
ஒரு கால் இழுத்தது.

என் மூச்சு அவளுக்குக் கேட்டுவிட்டது.
காதிலிருந்து திரும்பியது கழுத்து.
போனை எடுத்துப் பேச ஆரம்பித்தாள்:
"ஆங், வந்துட்டேன், கேட்டுகிட்டயே நில்லு."
போனில் வெளிச்சமே இல்லை.

நிற்கலாம் என்று பார்த்தேன்.
காலடி நிற்பது ஷாட் இருபத்தேழு.
முந்திப் போகலாம்.
அது சீன் முப்பது, லிஃப்ட் வாசல்.
எதிர்ப்பக்கம் கடந்துவிடலாம்.
கடந்துதானே நேற்று வாட்ச்மேனை.
"பயப்படாதீங்கம்மா" என்று ஒரு குரல் கொடுக்கலாம்.
படம் முழுக்கக் கொலைகாரனுக்கு
இருப்பதே அந்த ஒரு வசனம்தான்.

ஒன்றும் தோன்றாமல்
சட்டைப் பையில் இன்ஹேலரைத் தேடினேன்.
பையில் கை விட்டதைப் பார்த்தாள்.
ஓடினாள்.
நாய்கள் அவளைத்தான் துரத்தின,
என்னை விட்டுவிட்டன.

ஒற்றைச் செருப்பு கிடந்தது.
வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.
நான் அதை எடுக்கவில்லை,
தாண்டிப் போகவும் முடியவில்லை.
அப்போதுதான் தெரிந்தது,
சிக்னலிலிருந்து இதுவரை
இடக்கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கிறேன்.

திறந்தேன்.
தெருவுக்கு இன்னொரு பாதி இருந்தது.
ஷட்டர் இறக்கிய டீக்கடை,
தண்ணீர்க் குடங்களின் வரிசை,
ஒரு மாடியில் லைட் போட்டுவிட்டு
வெளியே எட்டிப் பார்க்காமல் நிற்கிற நிழல்.

பால் வேன் வந்தது.
கிரேட்டை இறக்கியவன்
செருப்பையும் என்னையும் பார்த்தான்.
"யாருதுண்ணா?"
"தெரியலப்பா" என்றேன்.
உண்மைதான்.
ஆனாலும் மூச்சு சத்தமாகத்தான் வந்தது.